கொல்லுப்பட்டறை வேலை கற்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் போகிற பக்கம் ஒரு சின்ன ஊரில், கொல்லுப்பட்டறை ஒன்றில் ஐந்து வருடமாக வேலை கற்று வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சுத்தியல் பிடித்ததெல்லாம் சுவரில் ஆணி அடிக்கத்தான். எங்கள் ஆசாரிக்கு எழுபது வயது நெருங்குகிறது. அவரிடம் வேலை கற்க வேண்டும் என்று புதுச்சேரியிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். ஆசாரி அதிகம் பேச மாட்டார். அதனால் கேள்விகள் என்னிடம் வந்துவிடுகின்றன. நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

எனக்கு இந்தத் தொழிலில் ஒன்றுமே தெரியாது. குடும்பத்திலும் யாரும் இல்லை. என்னால் முடியுமா?

முடியும். நானும் அப்படி வந்தவன்தான். முதல் நாள் ஆசாரி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "விறகடுப்பு பத்த வைக்கத் தெரியுமா தம்பி?" தெரியாது என்றேன். "சரி, அப்ப அதிலேருந்து ஆரம்பிப்போம்" என்றார்.

நிறையப் பேர் உடம்பு வலுவை நினைத்துத் தயங்குகிறார்கள். எங்கள் ஆசாரி ஒல்லியான மனிதர். நாள் முழுக்க அடித்தாலும் அவருக்கு மூச்சு வாங்காது. சுத்தியலைத் தூக்குவது மட்டும்தான் அவர் வேலை, இறங்குவதைச் சுத்தியலே பார்த்துக்கொள்ளும். நான் வந்த புதிதில் சுத்தியலைக் கீழே தள்ளித் தள்ளி அடித்து, பத்தாவது நிமிடமே தோள் விட்டுப்போய் உட்கார்ந்துவிட்டேன்.

வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ள முடியாதா? பக்கத்தில் ஓர் ஆசான் எதற்கு?

வீடியோ பாருங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வேலையில் முக்கால்வாசி இரும்பின் நிறத்தைப் பார்ப்பதில் இருக்கிறது, கேமரா அதைச் சரியாகக் காட்டாது. கண்ணுக்கு மங்கிய சிவப்பாகத் தெரியும் இரும்பு, போனில் பளீரென்று ஆரஞ்சாகத் தெரியும். நம் பட்டறையிலேயே எடுத்த வீடியோவை வைத்துப் பார்த்தால் இது உடனே புரியும்.

இன்னொன்று, நாம் செய்யும் தப்பு நமக்குத் தெரியாது. முதல் இரண்டு வாரம் நான் அடித்த தகடெல்லாம் ஒரு பக்கமாகவே சாய்ந்து வந்தது. இரும்பு கோணல் என்று நினைத்தேன். ஆசாரி பின்னால் வந்து என் முழங்கையை இரண்டு விரலால் உள்பக்கமாகத் தள்ளினார். "இப்ப அடி." அவ்வளவுதான், சரியாகிவிட்டது. அந்த இரண்டு விரல் எந்தத் திரையிலும் கிடைக்காது.

ஆசானை எங்கே போய்த் தேடுவது?

வாரச்சந்தைக்குப் போங்கள். அரிவாள், களைக்கொத்து, அரிவாள்மனை விரித்து விற்பவரிடம், எது பட்டறையில் அடித்தது, யார் அடித்தது என்று கேளுங்கள். கரும்பு, நெல் விளைகிற ஊர்களில் இன்னும் பட்டறை இருக்கிறது. நெல்லிக்குப்பம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி சுற்று வட்டாரத்திலும், புதுச்சேரி என்றால் பாகூர், வில்லியனூர் பக்கமும் விசாரியுங்கள். கடலூர் முதுநகரில் படகு வேலை செய்பவர்களைக் கேட்டால், நங்கூரத்துக்கும் படகு இரும்புக்கும் யாரிடம் போகிறார்கள் என்று சொல்வார்கள். பெயர்ப்பலகை பார்த்துத் தேடினால் கிடைக்காது. "கருமான் பட்டறை எங்கே இருக்கு?" என்று டீக்கடையில் கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள்.

தை அறுப்புக்கு முந்தைய வாரங்களில் போய் நிற்காதீர்கள். அப்போது அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும்.

எப்படிக் கேட்பது? என்ன கொடுப்பது?

ஊர்க்காரர்கள் அவரை "ஆசாரி" என்று கூப்பிடுவார்கள். கற்க வந்த நான் "ஐயா" என்றுதான் கூப்பிடுகிறேன், அதுதான் எனக்கு வருகிறது. முதல் நாளே "எனக்குக் கத்துக் குடுங்க" என்று ஆரம்பிக்க வேண்டாம். ஒரு மண்வெட்டியோ கடப்பாரையோ கொண்டுபோய், முனை காய்ச்சித் தரச் சொல்லி, காசு கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு மூன்று முறை போங்கள். அப்புறம் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் வெற்றிலை, பாக்கு, பழம், பூவோடு தட்டில் தட்சிணை வைத்துக் கொடுப்பது வழக்கம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கலை அழிகிறது, அதனால் இலவசமாகச் சொல்லித் தர வேண்டும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். இது தவறு. நீங்கள் வீணாக்கும் கரி அவர் காசு. உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு மணி நேரத்தில் அவர் இரண்டு கடப்பாரைக்கு முனை காய்ச்சியிருப்பார். மாதத்துக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கொடுக்க வசதி இல்லையா, வாரத்தில் மூன்று நாள் வந்து சம்மட்டி அடித்துக் கொடுக்கிறேன் என்று பேசுங்கள். நான் முதல் வருடம் இரண்டும் செய்தேன்.

முதல் மூன்று மாதம் என்ன வேலை இருக்கும்?

நெருப்பு. அதை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டாலே போதும்.

காலையில் உலையைச் சுத்தம் செய்ய வேண்டும். முந்தின நாள் எரிந்து உருகி இறுகிய கிட்டம் காற்று வரும் கண்ணை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதைக் கொத்தி எடுக்க வேண்டும். கரியைச் சலித்து, தூளைத் தனியாகப் பிரித்து, எலுமிச்சை அளவு, நெல்லிக்காய் அளவு என்று வைக்க வேண்டும். பெரிய கட்டியாகப் போட்டால் இடுக்கில் காற்று ஓடிவிடும், சூடு நிற்காது. தூளாகப் போட்டால் மூச்சடைக்கும். பழைய தோல் துருத்தி எங்கள் பட்டறையில் பரணில் கிடக்கிறது, இப்போது கையால் சுற்றும் ஊதல் மிஷின்தான். மோட்டார் வைக்கலாமே என்று கேட்டேன். வைத்திருக்கிறார், கரண்டும் உண்டு. ஆனால் புதிதாக வருகிறவர்களுக்குக் கைமிஷின்தான் கொடுப்பார். எவ்வளவு சுற்றினால் இரும்பு எவ்வளவு சிவக்கிறது என்பது கைக்குத் தெரிய வேண்டுமாம்.

இரும்பைத் தணலின் அடியில், காற்றுக் கண்ணுக்கு நேராக வைத்தால் செதில், அதாவது காய்ந்த இரும்பின் மேல் படியும் கறுப்பு ஏடு, அதிகம் உரியும். அங்கே காற்று மிச்சம் இருக்கும். அதற்குச் சற்று மேலே, காற்று எரிந்து தீர்ந்த இடத்தில், கங்குக்கு நடுவே படுக்க வைக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லவில்லை. ஒரே கம்பியில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை அடியிலும் ஒன்றை நடுவிலும் வைத்து எடுத்துக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

அதற்கு அப்புறம் சம்மட்டி. இரண்டு பேர் அடிக்கும் வேலையில் பேச்சே இருக்காது. ஆசாரி கையில் சின்னச் சுத்தியல். அவர் எந்த இடத்தில் தட்டுகிறாரோ அந்த இடத்தில் நான் நாலு கிலோ சம்மட்டியை இறக்க வேண்டும். மெல்லத் தட்டினால் மெல்ல, ஓங்கித் தட்டினால் ஓங்கி. இரும்பை விட்டுவிட்டு, அதற்கு அடியில் இருக்கும் பட்டறைக்கல்லின் ஓரத்தில் 'டிங்' என்று ஒரு தட்டு விழுந்தால் நிறுத்து என்று அர்த்தம். அந்த 'டிங்'கைக் கேட்காமல் நான் ஒரு நாள் இன்னொரு அடி போட்டுவிட்டேன், அவர் அதற்குள் துண்டைப் பிடித்திருந்த கொறட்டைத் திருப்பியிருந்தார். துண்டு எகிறிச் சுவரில் பட்டு விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அவர் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இரும்பு எந்தச் சூட்டில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிறத்தைப் பார்த்துத்தான். அதனால்தான் பட்டறை இருட்டாக இருக்கிறது. கூரையில் ஓட்டை போட்டு வெளிச்சம் வரவைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இருட்டில் தெரியும் மங்கிய சிவப்பு ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ். செர்ரிப் பழச் சிவப்பு என்று புத்தகத்தில் படித்தேன், ஆசாரி அதை "கோவைப்பழம்" என்பார். அது 750 பக்கம். ஆரஞ்சு 900, 950. எலுமிச்சை மஞ்சள் 1,100க்கு மேல். அடித்து நீட்டவும் வளைக்கவும் ஆரஞ்சும் மஞ்சளும் நல்ல சூடு. வெள்ளையாகி மத்தாப்புப் பொறி போல உதிர ஆரம்பித்தால் இரும்பு எரிகிறது என்று பொருள், அந்த முனையை வெட்டி எறிய வேண்டியதுதான்.

சிவப்பு மறைந்த பிறகு அடிக்காதீர்கள். எல்லோரும் செய்யும் தப்பு இதுதான். இன்னும் ரெண்டே அடி, முடிந்துவிடும் என்று தோன்றும். அந்த ரெண்டு அடியில்தான் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். துவைச்சல் வைக்கும்போது, அதாவது காய்ச்சிய இரும்பைச் சட்டென்று ஆற்றிக் கெட்டியாக்கும்போது, அது பிளந்துகொண்டு வெளியே வரும்.

எந்த இரும்பில் பழகுவது?

கொக்கி, கம்பி, வளையம் பழகச் சாதாரண மைல்டு ஸ்டீல் கம்பி, 10 அல்லது 12 மில்லிமீட்டர். கட்டடத்தில் மிஞ்சிய முறுக்குக் கம்பியிலும் பழகலாம். ஆனால் இரண்டிலும் கார்பன் குறைவு, எவ்வளவு துவைத்தாலும் கூர் நிற்காது. அரிவாளுக்கும் கத்திக்கும் லாரிப் பட்டா, அதாவது லாரிக்கு அடியில் இருக்கும் வில் தகடு. அதில் 100க்கு அரைப் பங்குக்கு மேல் கார்பன் இருக்கும், துவைச்சல் நன்றாகப் பிடிக்கும். பழைய பட்டாவில் ஏற்கெனவே வெடிப்பு இருக்கலாம், வாங்கியதும் தட்டிச் சத்தம் கேளுங்கள்.

ஜி.ஐ. பைப்பை உலையில் வைக்கவே வைக்காதீர்கள். அதன் மேல்பூச்சு துத்தநாகம், 907 டிகிரியில் கொதித்து வெள்ளைப் புகையாகப் போகும். அதை மூச்சில் இழுத்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் போல நடுக்கம் வரும்.

நெய்வேலி நிலக்கரியில் உலை போடலாமா?

பக்கத்தில் கிடைக்கிறதே என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது பழுப்பு நிலக்கரி. வெட்டி எடுக்கும்போது எடையில் ஏறத்தாழ பாதி ஈரம்தான். புகை அதிகம், சூடு போதாது. கொதிகலனுக்குச் சரி, உலைக்குச் சரிவராது. நாங்கள் சீமைக் கருவேலங்கரி போடுகிறோம். சவுக்குக் கரியும் இந்தக் கடற்கரைப் பக்கம் கிடைக்கும்.

வீட்டில் சின்னதாக ஓர் உலை வைத்துப் பழகலாமா? பட்டறைக்கல் விலை அதிகமாக இருக்கிறதே?

ஆறு மாதம் ஆசானிடம் பழகிய பிறகு வையுங்கள். பழைய லாரிச் சக்கரத் தட்டும் ஒரு துண்டு இரும்புக் குழாயும் களிமண்ணும் போதும். அறைக்குள் வேண்டாம். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூக்கம் வருகிறது என்று நினைக்கும்போதே ஆளைச் சாய்த்துவிடும். கீற்றுக் கொட்டகை என்றால் பொறி பறப்பதையும் யோசியுங்கள்.

கல்லுக்குப் பதில் தண்டவாளத் துண்டு நன்றாக உழைக்கும். ஆனால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் தண்டிக்க 1966ஆம் ஆண்டுச் சட்டமே தனியாக இருக்கிறது. கடைக்காரர் கணக்குக் காட்ட முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

முதலில் என்ன செய்யக் கற்றுத் தருவார்?

கொக்கி. கேட்க எளிதாக இருக்கும். எனக்கு நாற்பதாவது கொக்கிதான் தலையாட்டல் வாங்கியது.

10 மில்லிமீட்டர் கம்பியின் முனையை மஞ்சளாகக் காய்ச்சுங்கள். கல்லின் தூர ஓரத்தில் சாய்த்துப் பிடித்து, முனையை முதலில் சதுரமாக அடித்துக் கூராக்குங்கள். உருண்டையாகவே கூராக்கப் பார்த்தால் நடுவில் குழாய் போல விரிந்து பிளக்கும். சதுரம் வந்த பிறகு நாலு மூலையையும் தட்டி எட்டுப் பட்டை, அதற்குப் பிறகு மெல்ல உருட்டி உருண்டை. அடுத்து நுனியில் ஒரு சின்னச் சுருள், பிறகு வளைவு. வளைக்கும்போது இரும்பின் மேல் அடிக்கக் கூடாது, கல்லுக்கு வெளியே நீட்டியிருக்கும் பகுதியைக் கீழே தள்ள வேண்டும். மேலே அடித்தால் நசுங்கிய தடம் விழும். என் முதல் முப்பது கொக்கியிலும் அந்தத் தடம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஆசாரி ஒரு கம்பியில் கோத்து உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்கு வரிசையாகக் காட்டுவார்.

துவைச்சல் என்றால் என்ன? தண்ணீரிலா எண்ணெயிலா?

காய்ச்சிய இரும்பைச் சட்டென்று ஆற்றிக் கெட்டியாக்குவது. சிலர் தோய்ச்சல் என்பார்கள். லாரிப் பட்டாவை நாங்கள் எண்ணெயில்தான் துவைக்கிறோம். தண்ணீரில் போட்டால் ஆறும் வேகம் அதிகம், வெடிக்கும்.

எந்தச் சூட்டில் முக்குவது? இரும்பு 770 டிகிரியில் காந்தத்தில் ஒட்டாமல் போய்விடும். கம்பியில் கட்டிய ஒரு காந்தத்தைத் தொட்டுப் பார்த்து, ஒட்டாமல் போனதும் இன்னும் சிறிது காய்ச்சி முக்கினால் சரி. ஆசாரிக்குக் காந்தம் தேவைப்படுவதில்லை. எனக்கு இன்னும் தேவைப்படுகிறது.

அதோடு முடியாது. துவைத்ததும் இரும்பு கண்ணாடி மாதிரி இருக்கும், கீழே விழுந்தால் உடையும். அந்தக் கெட்டியைச் சற்றுக் குறைக்கப் பதம் இறக்க வேண்டும். உளியை எடுத்துக்கொள்ளுங்கள். முனையைத் தேய்த்து வெள்ளையாகப் பளபளக்க வைத்து, பின்பக்கத்திலிருந்து மெல்லச் சூடு ஏற்றினால், அந்தப் பளபளப்பின் மேல் நிறம் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வரும். வைக்கோல் மஞ்சள், 220 டிகிரி. பழுப்பு, 250, 260. அப்புறம் கத்தரிப்பூ நிறம், 280 பக்கம். அதன் பின்னால் மயில்கழுத்து நீலம். கத்தரிப்பூ நிறம் முனையைத் தொடும் நொடியில் தண்ணீரில் முக்க வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தால் நீலம் வந்துவிடும், உளி மடங்கும். முதல் முறை இதைப் பார்த்தபோது, நிறத்தின் அழகில் கை நின்றுவிட்டது. உளி போச்சு. ஆசாரி ஒன்றும் சொல்லவில்லை, திரும்பக் காய்ச்சச் சொன்னார்.

தீக்காயம் படுமா?

படும். சிவந்த இரும்பால் அல்ல, அதை யாரும் தொட மாட்டார்கள். சிவப்பு மறைந்து கறுத்துக் கிடக்கும் துண்டு 400 டிகிரியில் இருக்கும், அதைத்தான் எடுப்போம். எனக்கு இடது உள்ளங்கையில் அப்படித்தான் பட்டது. கீழே கிடக்கும் எதையும் புறங்கையை மேலே காட்டி வெக்கை பார்த்த பிறகே எடுங்கள்.

பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம். பெரிய கொப்புளம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பருத்தித் துணிதான் போட வேண்டும், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். கண்ணாடி கட்டாயம். செதில் கண்ணில் போனால் விளையாட்டில்லை.

பெண்கள் கற்கலாமா?

தாராளமாக. இந்தத் தொழிலில் துருத்தி ஊதியதும் சம்மட்டி அடித்ததும் பல வீடுகளில் பெண்கள்தான். எங்கள் ஆசாரி வீட்டு அம்மா முப்பது வருடம் சம்மட்டி அடித்தவர். என் அடி சரியா என்று இன்றும் சமையலறையிலிருந்தே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார்.

வாள், பெரிய கத்தி செய்யக் கற்றுத் தருவீர்களா?

மாட்டோம். வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கான கருவிகள் தவிர, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுத விதிகளில் ஆயுதம் என்ற வகையில் வருகின்றன. அரிவாள் வாங்க வருகிறவரின் பெயரையும் முகவரியையும் எழுதி வைக்கச் சொல்லித் தமிழ்நாடு காவல்துறை 2021இல் பட்டறைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. எங்களிடம் அதற்கென்று ஒரு நோட்டு இருக்கிறது. ஆள் சரியில்லை என்று தோன்றினால் ஆசாரி "கரி இல்ல" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

எத்தனை நாளில் கற்கலாம்? பிழைக்க முடியுமா?

சம்மட்டி மூன்று மாதம். கொக்கி, கடப்பாரை முனை, மண்வெட்டிக்குப் பூண் என்று ஒரு வருடம். நல்ல அரிவாள் எனக்கு மூன்றாம் வருடம்தான் வந்தது. கருக்கரிவாளுக்குக் கருக்கு, அதாவது பல், வெட்ட இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இதை மட்டும் நம்பி வேலையை விடாதீர்கள். கடையில் மிஷின் அரிவாள் மலிவாகக் கிடைக்கிறது. பட்டறையில் அடித்ததை இரண்டாம் முறையும் காய்ச்சி அடித்து வாங்கலாம் என்று தெரிந்தவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள். கரும்பு வெட்டுகிறவர்களும் பலாப்பழம் அறுக்கிறவர்களும் கத்தியின் எடையைக் கையில் பார்த்துத்தான் வாங்குவார்கள், அங்கே எங்களுக்கு இடம் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தப் பக்கம் கரையேறி முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டபோது, கோடாரி காய்ச்சிக் கொடுக்க ஆசாரி மாதக்கணக்கில் இரவும் வேலை பார்த்தாராம். அதை நினைத்தால் அவருக்கு இன்றும் சந்தோஷம் வராது.

அரசு உதவி வேண்டுமென்றால் இரண்டு வழி. மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பர் 17இல் தொடங்கியது. அதன் 18 தொழில்களில் கொல்லர் வேலையும் உண்டு. கருவி வாங்க 15,000 ரூபாய், பிணையில்லாக் கடன் முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம். தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. 35 வயது ஆகியிருக்க வேண்டும், 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். பரம்பரைத் தொழிலாக இருக்க வேண்டியதில்லை. விவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

உப்புக் காற்றில் செய்த பொருள் துருப்பிடிக்கிறதே?

கடற்கரை ஊரில் பிடிக்கத்தான் செய்யும். கை பொறுக்காத சூட்டில் இருக்கும்போதே, சிவப்பு போன பிறகு, தேன்மெழுகு தடவுங்கள். உருகி ஊறிக் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். சமையல் கத்திக்கு நல்லெண்ணெய்.

எப்போது வந்து பார்க்கலாம்?

காலை ஏழு மணிக்கு அடுப்பு மூட்டுவோம், பதினொன்றுக்கு மேல் வெக்கை தாங்காது. அமாவாசை அன்று பட்டறை திறப்பதில்லை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்தால் எல்லாக் கருவியையும் கழுவித் துடைத்து அடுக்கும் வேலை இருக்கும், எதற்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல நாள் கிடையாது. பருத்திச் சட்டை, மூடிய செருப்பு போட்டு வாருங்கள். வீட்டில் மழுங்கிய அரிவாள்மனை இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.